துரையின் ராத்திரிச் சாப்பாடு

ஜூன் 4

இல்லை, அவன் மேல் கோபமில்லை. நாய்க்கு என்ன தெரியும். ஆனால் ஷூ பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தது நான். துரை என்று பெயர் வைத்ததும் நான். இரண்டு வருடம் வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பினால், அவன் அக்காவின் நாய். அவள் ஆறு மாத வயிறோடு அசைந்து அசைந்து நடக்கிறாள், இவன் பின்னாலேயே.

அத்தான் சொல்கிறார்: "துரை, விருந்தாளி வந்திருக்காங்க பாரு. எழுந்து வழி விடு."

வீட்டின் முன்பகுதி அவர்களுக்கு. எனக்குப் பின்னறை.

ஜூன் 6

நான் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்புகிறான். ஒரு காது. என் பங்கு அவ்வளவுதான்.

ஜூன் 9

ஒரு யோசனை. தூங்கப் போகும்முன் என் பின்படியில் ஒரு தட்டு: வேகவைத்த கோழி, சோறு. பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். அக்கா போடுவது கடையில் வாங்கும் காய்ந்த தீனி. பார்ப்போம்.

ஜூன் 10

தட்டு காலி.

ஜூன் 15

தினமும் காலி. ஒரு பருக்கை மிச்சமில்லை. எல்லோரும் தூங்கியபின் எனக்காக எழுந்து வருகிறான். காலையில் வந்து கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறான், ஒன்றும் நடக்காததுபோல. கள்ளன்.

அக்காவிடம் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். ஜெயித்தவளுக்குத் தாராளம் தானாக வருகிறது.

ஜூன் 23

துரை வாந்தி எடுத்தான். உடம்பு கொதிக்கிறது. அக்கா போட்ட தீனிதான் காரணம் என்று நினைத்தேன். நினைக்க இனிப்பாக இருந்தது. எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

ஜூன் 24

கண் மஞ்சள். நாய் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எலிக்காய்ச்சல் என்றார். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி. அது கலந்த தண்ணீரைக் குடித்தால் போதுமாம். ஈரலைப் பிடித்திருக்கிறது. பிழைப்பானா என்றால் இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு, வெளியே சாப்பாடு, தண்ணீர் வைப்பதுண்டா என்று கேட்டார்.

சொன்னேன். தட்டு, கிண்ணம், அவன் ராத்திரி வந்து சாப்பிடுவது.

அக்கா திட்டவில்லை. குழம்பிப்போய்ப் பார்த்தாள். "ராத்திரி எப்படிடி வருவான்? கதவைப் பூட்டிட்டுத்தானே படுக்கிறோம். என் கட்டிலுக்கு அடியிலதான் கிடப்பான்."

அப்போ அத்தனை நாளும் தின்னது —

எலிங்க. நான் ஆக்கிப் போட்டேன், அதுங்க தின்னுட்டு கிண்ணத்தை நாசம் பண்ணிச்சு, காலையில இவன் வந்து அதைக் குடிச்சான். இதுக்கா நான் சந்தோஷப்பட்டேன்?

ஜூன் 28

ஊசி, சலைன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மூத்திரத்திலும் கிருமி இருக்குமாம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரி பக்கத்திலேயே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார் டாக்டர். ஆக, என் அறையில். எனக்கே எனக்கு.

ஜூன் 29

சாப்பிடவில்லை. ஊட்டினால் துப்புகிறான். முன்பக்கம் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குகிறான். இந்த நிலைமையிலயும் அவதானா உனக்கு?

நாளைக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் தேறுவது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

ஜூன் 30

ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு அக்காவை உட்காரச் சொன்னேன்.

"உட்கார்ந்து?"

"பேசு. உன் குரல் கேட்டாத்தான் சாப்பிடுவான்."

அதைச் சொல்ல எனக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. அவள் அத்தானின் குறட்டையிலிருந்து ஆரம்பித்தாள். துரையின் வால் தரையில் ஒரு தடவை தட்டியது. கையுறை மாட்டிக்கொண்டு ஊட்டினேன். விழுங்கினான். மறுபடியும்.

முதுகு வலிக்கிறது என்றாள். என் தலையணையை எடுத்துப்போய் நாற்காலியில் வைத்தேன்.