எந்தப் பெயரில் சேர்ப்பது

குத்துக்கல்வலசை,
ஆடி 4

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. சாரல் விடாமல் பெய்தும் நாங்கள் இருவரும் சளி, தும்மலில்லாமல் இருக்கிறோம். எடின்பரோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க இலஞ்சி முருகனைக் கும்பிடுகிறேன். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும், அதனால் கையால் எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறேன்.

நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற உன் ஆராய்ச்சி எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் உன் கட்டுரைகளை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணித்தான் ஆளை அளக்கிறார்கள் என்பது நன்றாகப் புரிந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் உன் பெயருக்குப் பின்னால் நின்ற அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு 'மந்திரமூர்த்தி கண்டது' என்று எழுதப் போக, இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம்கூட, "அண்ணாச்சி, எம்பேரைச் சொல்லாம அங்கன ஒரு டாக்டரும் எழுத முடியாது, தெரியும்லா" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. டியூஷனுக்கும் ஹாஸ்டலுக்கும் உன்னோடு அலைந்தவள் நான், இவர் ஒருநாள் உன் பள்ளிக்கூட வாசலை மிதித்திருப்பாரா? கல்யாணத்துக்குப் பிறகு வந்த கட்டுரையெல்லாம் மாப்பிள்ளை பெயரில் 'அருண்பாண்டி' ஆகிவிட்டது. உன் மாமியார் சந்தனமாரி சுரண்டையிலிருந்து போன் போட்டு, "எம்மவன் பேரு ஒலகம் பூரா ஓடுது மதினி" என்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனால் உன் கட்டுரையில் ஒரு வரி படித்திருப்பாரா?

இப்போது துறைத் தலைவர் பதவிக்குக் கணக்கெடுக்கும்போது மந்திரமூர்த்தி வேறு, அருண்பாண்டி வேறு என்று உன்னை இரண்டு ஆளாக்கிப் பாதி மதிப்புதான் போட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஒரே பெயரில் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும் என்றாய். எந்தப் பெயர் என்று வீட்டில் கேட்டாயே, அதுதான் வினை. அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார். "கெட்டிக்குடுத்த பொறவு என்னத்துக்கு அப்பன் பேரு" என்று சந்தனமாரி குதிக்கிறாள். நீ யார் மனசும் நோகக் கூடாதென்று தள்ளிப்போடுகிறாய். பதவி கைவிட்டுப் போனால் இவர்களா வாங்கித் தருவார்கள்?

ஒற்றைப் பெயரிலும் சேர்க்கலாம் என்றாயே, அதைச் செய். வெறும் காளீஸ்வரி. அம்மா நியாயம் பேசுகிறாள் என்று நினைத்துவிடாதே, பொறாமைதான் பேசுகிறது. நீ பிறந்தபோது ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், பெற்ற வலி தீருமுன் எல்லோரோடும் சண்டை போட்டு இந்தப் பெயரை வைத்தவள் நான்.

தலைவியாகி நீ நல்லா இருக்கணும் தாயே. செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. இனி அந்த டாக்டர்கள் நான் வைத்த பெயரைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
காளீஸ்வரியின் அம்மா
பேச்சியம்மாள்