நாசூக்கு என்று சொன்னது

அண்ணி,

பூவைக் கொண்டுபோய் கீரமங்கலம் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வருகிறேன். நீங்கள் அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை. இட்லி அவித்து ஹாட்பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் சித்தி வீட்டார் வந்திருந்தபோது, பலாச்சுளையைக் கொட்டை எடுத்து, தட்டில் அடுக்கி, முள்கரண்டியோடு கொடுத்தீர்கள். "எங்க அண்ணி ரொம்ப நாசூக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் உள்ளே போனவர்தான், அதற்குப் பிறகு சாப்பிடவே இல்லை. "பெரிய வீட்டுப் பொண்ணுன்னு ஒங்க தங்கச்சி குத்திக் காட்டுறாங்க" என்று நீங்கள் அண்ணனிடம் அழுதது கேட்டது.

நாசூக்கு ஒன்றும் வசவில்லை என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். யோசித்தால், வார்த்தை நல்ல வார்த்தைதான். சித்தி சிரிக்கட்டும் என்று நான் சொன்ன விதம்தான் வசவு. நீங்கள் அடுக்கிய அழகைப் பார்த்ததும், பூப்பறித்துக் கறைபிடித்த என் விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அந்த ஆற்றாமையில்தான் அப்படிப் பேசினேன். மன்னித்துவிடுங்கள்.

சித்திக்கும் போன் செய்து, "நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

பூங்கோதை

கேஸ்காரர் பத்து மணிக்கு வருவார். காலி சிலிண்டர் பின்வாசலில் இருக்கிறது.

இன்னொன்று. கல்யாணமாகி வந்து எட்டு மாதமாக, உங்களைவிடச் சின்னவளான என்னை வாங்க, போங்க என்றே சொல்கிறீர்கள். இன்றைக்குத் திட்டுவதாக இருந்தால், "ஏண்டி கோதை" என்று ஆரம்பியுங்கள்.