மூக்கெழுத்து ஐந்தும் மீதி இருபதும்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னால் போய்விட்ட பாக்கியக்கா,

நீ போனபோது பெய்த மழைக்கு ஏறிய ஏரித் தண்ணீர் இப்போதுதான் வடிகிறது. இறால் பரவாயில்லை. நேற்று இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போனேன். நீ சொல்வாயே, "தண்ணில எறங்கிட்டா எல்லாரும் என்னாட்டம்தான், ஒருத்தியாலயும் பேச முடியாது"னு. அதை நினைத்துச் சிரித்ததில் பறி நழுவப் பார்த்தது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பிறக்கும்போதே உனக்கு மேலண்ணத்தில் பிளவு. வாயில் எழும் காற்றெல்லாம் மூக்குக்குப் போய்விடும். நைனா ஆசையாக வைத்த பாக்கியம் என்ற பேர் உன் வாயில் 'மாங்ஙியம்' ஆகும். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், "அவ இன்னா சொல்றா?"னு எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்.

சென்னையில் ஆபரேஷன் செய்து பிளவை அடைத்தபோது உன் மகள் செல்வியே வளர்ந்துவிட்டாள். பிளவு அடைபட்டும் நாக்கு பழைய வழியை விடவில்லை. உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து, அது ஆடும்படி 'ப' சொல்லிப் பழகச் சொன்னார்கள். "கொயந்தையாட்டம் எத்தினி நாள் பா பான்றது?"னு சீக்கிரமே எறிந்துவிட்டாய்.

அப்புறம்தான் ஆரம்பாக்கத்துப் புத்த விகாரைக்குப் போனோம். ஞாயிறுகளில் அங்கே பாளி மொழி சொல்லிக்கொடுத்த மல்லிகா டீச்சர் எழுத்துகளை ஐந்து வரிசையாகப் பலகையில் எழுதினார். தொண்டை, அண்ணம், அண்ணத்தின் உச்சி, பல், உதடு. தமிழில் க, ங என்று இரண்டு நிற்கும் இடத்தில் பாளிக்கு ஐந்து. ஒவ்வொரு வரிசையிலும் கடைசி மட்டும் மூக்கெழுத்து. நீ பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாய்:

"டீச்சர், எங்கிட்ட இருக்கறது அந்தக் கடைசி அஞ்சுதான். ங, ஞ, ண, ந, ம. மீதி இருவதும் எனக்கு வேணும்."

நான்தான் அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

எங்கிருந்து வந்தது உனக்கு அந்தப் பிடிவாதம்? மூச்சை அழுத்தித் தள்ளிச் சொல்லும் க, த, ப எல்லாம் பாளியில் உண்டு. காகிதத்தை மறுபடி எடுத்து அதையெல்லாம் சொல்லப் பழகப் பழக, அது ஆடத் தொடங்கியது. பிறகு உன்னை யாரால் நிறுத்த முடியும்? இறால் ஷெட்டுக்கு வேலைக்கு வந்த பீகார்க்காரரையும் விடவில்லை. அவர் பேசும் இந்தியில் சாட்டையும் குதிரையும் நம் எழுத்தில் எழுதினால் ஒரே 'கோடா'தான். குதிரைக்கு மட்டும் தொண்டை அதிர்ந்து, கூடவே மூச்சும் வரும். "பையா, இன்னொரு தபா குதிரை சொல்லு"னு நீ கேட்கக் கேட்க, அவர் சலிக்காமல் சொன்னார்.

வடமொழித் தர்மம் பாளியில் தம்மம் ஆனதும், சப்த என்ற ஏழு சத்த ஆனதும் உனக்கு அவ்வளவு பிடித்தது. "முட்டிக்கினு நின்ன ரெண்டு எழுத்து ஒண்ணாயிடுச்சு பாரு. கஷ்டப்பட்ட நாக்குங்க சேர்ந்து பண்ண வேலை இது" என்றாய். படித்தவர்கள் ஒப்புவார்களா, தெரியாது. நான் நம்பினேன்.

ஒருநாள் எளாவூரில் பஸ் ஏறினோம். கண்டக்டர் வந்ததும் வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்திவிட்டு, "ஆரம்பாக்கம் ரெண்டு" என்றாய். அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். திரும்பக் கேட்கவில்லை, உன்னை ஏறிட்டுப் பார்க்கக்கூட இல்லை. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய்.

செல்வி கல்யாணத்தில் நீயே முன்னால் நின்று புத்தம் சரணம் சொன்னாய். "இந்தம்மாவா சொல்லப் போறாங்க?"னு சம்பந்தி வீட்டில் ஒரு அம்மா கேட்டது உன் காதில் விழத்தான் செய்தது. 'கச்சாமி' என்னும்போது ஒருமுறை காற்று மூக்கேறிவிட்டது. நீ நிறுத்தி, மூச்சு வாங்கி, அந்தச் சொல்லை மறுபடி சொன்னாய். கூட்டம் மொத்தமும் உன் பின்னால் சொன்னது. கேட்ட அந்த அம்மாவும்தான்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். ஏன்க்கா அவ்வளவு அவசரம்?

ஞாயிறுகளில் இப்போது நான் தனியாகப் போகிறேன். பிளவே இல்லாத வாய் எனக்கு. ஆனாலும் குதிரை வரமாட்டேன் என்கிறது. நீ எவ்வளவு பாடுபட்டிருப்பாய் என்று அங்கே உட்கார்ந்தால்தான் புரிகிறது.

போன வாரம் பக்கத்துத் தெரு கஸ்தூரி தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன்னைப் போலவே பிளவோடு பிறந்தது. ஆபரேஷன் ஆகிவிட்டது, தையல் ஆறுகிறது. குழந்தையை என் மடியில் விட்டுவிட்டுக் கேட்டாள், "உங்கக்காவாட்டம் பேசுமா?"

முன்பெல்லாம் நம் தெருப் பெண்கள் பயந்துபோய்க் கேட்ட கேள்வி அது. இவள் ஆசையாகக் கேட்டாள்.

பேசும்னு சொல்லிவிட்டேன். பேசவைக்கிறேன், அக்கா. அது தன் வாயால் சொல்லி முடிக்கும்வரை, யார் கேட்டாலும் குறுக்கே பேசாமல் பக்கத்தில் இருப்பேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
அமுதா