தகரத்தில் வந்த தேக்கு

மச்சான்,

மாத்தூர்க்காரர் ஒருவர் தன் பழைய காரின் டாஷ்போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து, மர ரேகை வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்று காலை பழுப்பு மை டப்பாவைத் திறந்தேன். ஆளிவிதை எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. உடனே நீ பக்கத்தில் வந்து நின்றாய்.

உன் அப்பாவின் காரில்தான் உன் மகள் ஸ்டெல்லா தன் கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று நாம் குதித்தோமே! எஞ்சின் என் பொறுப்பு, துறைமுகப் பட்டறைக்காரன் அல்லவா. டாஷ்போர்டு உன்னுடையது. பார்க்கத்தான் மரம், உண்மையில் தகரத்தின்மேல் வரைந்த மர ரேகை, அதுவும் உரிந்துபோயிருந்தது. கப்பலுக்கு பெயின்ட் அடித்த உன் கைக்கு ரேகை புதிது. ராயபுரம் கோயிலில் பூசை முடியும்வரை பெஞ்சின் ரேகையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாய். ஃபாதர் உன் பக்தியை மெச்சினார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. லாரித் தூசி படியக்கூடாதென்று காலடிப்பேட்டை ஷெட்டின் இரண்டு கதவுகளையும் மூடிவிட்டு, மூக்கில் கைக்குட்டை கட்டி, வார்னிஷை ஸ்ப்ரே அடித்தாய். நான் இரண்டு தடவை தட்டினேன். தள்ளித் திறந்தால் நெடியில் மயங்கித் தரையில் கிடந்தாய். வெளியே இழுத்துப் போட்டேன். கண் திறந்ததும் நீ கேட்டது: "ரேகை கலையலியே மச்சான்?"

கலைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மேரி உன்னைப் பிடித்துக்கொண்டாள். என் தங்கை என்பதால் சொல்லவில்லை, அவள் கேட்டது நியாயம். "இன்னாய்யா நென்ச்சினு கீற? நீ பூட்டா பொண்ண யாரு கோயிலுக்கு இட்டுகினு போறது? அந்தக் காரா?" மறுநாளே வடிகட்டி வைத்த முகமூடி இரண்டு வாங்கிவந்தாள். "மாட்டிகினு அடி. இல்லாட்டி வுட்டுடு."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், தூள் பறக்கக்கூடாதென்று தண்ணீர் விட்டே தேய்த்தோம். தரையை நனைத்துத் தூசியை அடக்கினோம். லாரிகள் பெருகுமுன், விடியலில், இரண்டு கதவும் திறந்திருக்க, கடற்காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஈர மையின்மேல் காய்ந்த பிரஷை இழுத்தாய். வெறும் பழுப்பில் கோடுகள் ஓடின. கட்டைவிரலை ஒரு திருகு திருகினாய், கணு விழுந்தது. தேக்கு! முகமூடிக்குள்ளேயே கத்திவிட்டேன். நீயோ துணியெடுத்து மொத்தத்தையும் துடைத்தாய்.

"பைத்தியமா உனக்கு?"

"ரொம்ப சுத்தமா கீது மச்சான். எந்த மரம் இவ்ளோ ஒழுங்கா வளருது?"

அடுத்ததும் போயிற்று. மூன்றாவதில் ரேகை வளைந்து, திணறி, கணுவைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அது வளர்ந்த மரம்.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பா, படகு கட்டும் தச்சர், காருக்குள் தலையை விட்டார். "எந்த ஊர் தேக்கு இது?" என்று விரலால் தட்டினார். டங்! கூட்டமே சிரித்தது. நீ ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து இறக்கினாய்.

போன மழைக்காலத்தில் உன் இதயம் நின்றுபோனது. அதற்கும் பெயின்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை மேரி இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்று நானும் வரைந்த ரேகையை இரண்டு தடவை துடைத்துவிட்டேன். கோபமே வரவில்லை, அடுத்தது எப்படி வருமோ என்று கை துறுதுறுக்கிறது. அப்படி ஒரு கை எனக்கு முன்பு இருந்ததில்லை. டீயோடு வந்த மேரி, "நல்லாதானேண்ணா இருந்துச்சு?" என்றாள்.

"இன்னும் நல்லா வரும் பாரு" என்றேன்.