மங்கை அக்கா, அந்த மாத்திரையை விற்றவள் நான்

என் மங்கை அக்கா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. பால் வாங்கப் போகும்போது உன் வீட்டைத் தாண்டித்தான் போகிறேன், தலையைக் குனிந்துகொண்டு.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு டப்பா. நான் உனக்கு விற்ற மூலிகை மாத்திரை, பிரிக்காதது. "யாருக்காவது உதவும்மா. உன்னாலதான் அவ கடைசி வரைக்கும் நடமாடிக்கினு இருந்தா" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். காபி வேறு போட்டுக் கொடுத்தேன். என்ன ஜென்மம் நான்?

அண்ணனுக்கு என்ன தெரியும்? நாற்பத்தெட்டு வயதில் உனக்குப் பதினெட்டு நாள் ரத்தம் நிற்காமல் போனதை என்னிடம் மட்டும்தானே சொன்னாய். நம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் முதலில் சொன்னேன். "அங்க போயி உக்காந்தா பிளாக் பொம்பளைங்க அத்தினி பேரும் என்னா ஏதுன்னு கேப்பாங்கடி. ஷிப்ட் பஸ்ல உங்க அண்ணன்கிட்டயே வெசாரிப்பாங்க. வூட்லயே சரி பண்ணிக்கிறேன், நீ விக்கிறியே, அதக் குடு" என்றாய்.

நான் கொடுத்திருக்கக் கூடாது. டப்பாவைத் திருப்பி லேபிளைக் காட்டினேன். தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை. "தீட்டு நிக்கப்போற வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்க்கா. ஹார்மோன் சரியாயிட்டா தானா நின்னுடும்" என்று, விற்பனைக் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

மூன்று மாதம் என்றேன். பிறகு இன்னும் மூன்று மாதம். உடம்பு எரிச்சல் குறைந்திருக்கிறது, தூக்கம் வருகிறது என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு பெருமை. ரத்தம் நின்றதா என்று கேட்டதற்கு, "கொறஞ்சிருக்குடி" என்றாய். எனக்காகச் சொன்னாயா அக்கா?

நீ மயங்கி விழுந்து கடலூருக்குக் கொண்டுபோனபோது, கர்ப்பப்பையில் புற்று முற்றிவிட்டது என்றார்கள். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா அண்ணனைத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

இதையும் கேள். நம் தெருவைப் பெருக்க கான்ட்ராக்டில் வரும் சுமதி நேற்று என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் மாதம் இரண்டு தடவை ரத்தம் போகிறதாம். "மங்க அக்காவுக்கு கடைசி வரைக்கும் நல்லா கேட்டுச்சாமே, அண்ணனே சொன்னாரு. அதே மாத்திர குடுங்கக்கா" என்றாள். ஸ்டாக் இல்லை, டாக்டரைப் பார் என்றேன். "இல்லாட்டி மந்தாரக்குப்பத்துல வாங்கிக்கிறேங்க" என்று போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லாமல் அவளை எப்படி நிறுத்துவேன் அக்கா? என்னை நல்லவள் என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். உண்மை தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா? உன் மகள் இனி என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா? பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லி அழலாம் என்றால் நீயும் இல்லை.

அன்றைக்கே உன் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். திட்டியிருப்பாய், திட்டட்டுமே. சுமதியை நாளைக்கு அப்படித்தான் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

இன்று அண்ணனுக்கு லீவு. இதை எழுதி முடித்ததும் உன் வீட்டுக்குப் போகிறேன். ஒன்றுவிடாமல் சொல்வேன். பாதியில் அவர் கதவைச் சாத்தினாலும், வெளியே நின்று மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

நீ நம்பிய தங்கச்சி,
வசந்தி