அண்ணை எழுதாத பந்தி

1992 பெப். 3, திங்கள்

பனி. மல்வேர்ன் பஸ் இருபது நிமிடம் தாமதம். கால்விரல் எல்லாம் விறைப்பு.

தொழிற்சாலையில் இன்றும் சட்டைக் கொலர் தைப்பு. பக்கத்து மெஷினில் மர்சியா, ஆப்கானிஸ்தான்காரி. இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். போதும்.

சாப்பாட்டு நேரம் சொன்னாள். அவளுடைய அகதிக் கேஸில் பேசியது கணவனின் தமையனாம். அந்நியப் படை ஊருக்குள் வந்து அவளுக்குச் செய்ததை விலாவாரியாகச் சொன்னானாம். பிறகு வீட்டுக்குள் அவனே அவளுக்குச் செய்ததை மட்டும் சொல்லவில்லையாம். அவள் பக்கத்தில் தலை குனிந்தபடி. இன்றும் அவனோடு ஒரே அப்பார்ட்மெண்ட்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெப். 4, செவ்வாய்

வாங்க: மிளகாய்த்தூள், பால், பஸ் டிக்கெட்.

என் கேஸ் ஃபோமை எடுத்து வாசித்தேன். அண்ணை நிரப்பியது. வீடு எரிந்தது இருக்கிறது. செத்த பசு மாடுகூட இருக்கிறது. அமைதி காக்க வந்த ஆமி என்னைச் சென்றிக் காவலரணுக்குள் இழுத்த பின்னேரம் இல்லை. "சோதித்து அனுப்பினார்கள்." ஒரே வரி.

ஏன் என்று கேட்டேன்.

"உது வெளியில வந்தா தங்கச்சியை ஆர் கட்டுவான்? பேசாமல் இரு."

தங்கச்சிக்கு வயது பதினாலு. கலியாணத்துக்கு என்ன அவசரமோ. செய்தவனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு மட்டும் எதற்கு? நாள் முழுக்க ஆத்திரம்.

பெப். 6, வியாழன்

லோயர் ஒபிஸ். மொழிபெயர்க்க அண்ணையின் சிநேகிதர் ரெடியாக இருந்தார். பெண் வேண்டும் என்றேன், என் ஆங்கிலத்தில். லோயருக்கு விளங்கியது. ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"அண்ணை, நீங்கள் வெளியில இருங்கோ."

"உனக்காகத்தானே வந்தனான்."

"ஓம். வெளியில இருங்கோ."

போனார். சொன்னேன், எல்லாம். அழுகை வந்தது ஒரே இடத்தில்: என் புதுச் சைக்கிளை அந்த ஆமிக்காரர் வைத்துக்கொண்டதைச் சொன்னபோது. அண்ணை விட்ட பந்தி முழுதாக ஃபோமில் ஏறியது. கையெழுத்து வைத்தேன்.

காரில் அண்ணை கேட்டார், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா என்று.

"ஓம். நீங்கள் விட்டதையும் சொன்னனான்."

வீடு வந்து குத்தரிசிச் சோறு, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பெப். 7, வெள்ளி

வெயில், ஆனால் சூடில்லை. லோயரின் கார்ட் ஒன்றை மர்சியாவிடம் கொடுத்தேன். காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் ஒளித்தாள். திங்கட்கிழமை நாலு மணிக்கு இருவரும் போகிறோம். கணவனின் தமையன் பின்னால் வந்தால் என்ன செய்வது என்று பயந்தாள்.

வரட்டும் என்றேன். வெளியில் இருக்கச் சொல்ல எனக்குத் தெரியும்.