பிற ஒலிகள்

பிப்ரவரி 9, திங்கள்

மின்விமானம் இன்று லாரியில் வந்தது. இறக்கைகளைக் கழற்றிப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். மெக்கானிக் அண்ணன் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "எண்ணெய் எங்க ஊத்தணும்?" என்று கேட்டார். எண்ணெயே வேண்டாம் என்றார் கம்பெனி ஆள். "அப்ப நான் எதுக்கு, தொடச்சு வைக்கவா?" என்றார் அண்ணன்.

ஆறு வாரம் சோதனைக்கு இங்கே இருக்கும். ஓடுதளத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் வந்த பிறகு, சத்தத்துக்காக எங்கள் காலைப் பாடங்களை நகராட்சி நிறுத்திவிட்டது. மின்விமானம் என்றால் தடை இல்லையாம். காலைப் பாடம் இல்லாமல் இந்தப் பயிற்சிப் பள்ளி அடுத்த வருடத்தைப் பார்க்காது. பழைய பெட்ரோல் விமானங்களோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். பள்ளி அவருடையது. "நீதான் ஒண்ணை ரெண்டாச் சொல்ல மாட்ட," என்றார்.

மார்ச் 12 அன்று விமான நிறுவனத்தில் எனக்கு மருத்துவப் பரிசோதனை. துணை விமானி வேலைக்கு அதுதான் கடைசிப் படி. அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 11, புதன்

கேப்டனோடு முதல் பறப்பு. கேப்டன் எங்கள் தலைமைப் பயிற்சியாளர். எதையும் அவரிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டும். "பேட்டரி தொண்ணூத்தெட்டு," என்றேன். "என்னது?" "தொண்ணூத்தெட்டு!" "அதுக்கு ஏன்மா கத்தற?"

தரையில் வேக நெம்புகோலைப் பூஜ்யத்துக்கு இழுத்தால் முன்விசிறி நின்றேவிடுகிறது. பழைய விமானத்தில் அது நின்றால் எஞ்சின் செத்துவிட்டது என்று அர்த்தம். இதில் அப்படி நிற்பதுதான் ஓய்வு. ஆனால் உயிரோடு நிற்கிறது என்பதை வெளியே இருப்பவர் எப்படி அறிவார்? அறிக்கையில் எழுத வேண்டும்: காதை நம்பி யாரும் முன்பக்கம் போகக் கூடாது.

வழக்கம்போல் ஹெட்செட்டின் வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் பள்ளியில் பயிற்சியாளர் எல்லோரும் அப்படித்தான். ஒரு காது வானொலிக்கு, ஒரு காது எஞ்சினுக்கு. எஞ்சின் கெடுவதற்கு முன் அதன் குரல் மாறும், அது வெறுங்காதுக்குத்தான் பிடிபடும் என்பது இங்கே எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். எனக்கு ஆறு வருடப் பழக்கம்.

இதில் கேட்க என்ன இருக்கிறது? காற்று. பிறகு, காற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒரு விசில்.

பிப்ரவரி 12, வியாழன்

மறுபடியும் விசில். மோட்டார் வேகம் மாறினாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சுருதி. விசித்திரம்தான். குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இதுவரை தெரிந்தவை.

மின்விமானம் பாடத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் தருகிறது. மிச்சம் இருப்பதைத் தொடக் கூடாது. இறங்கியதும் பேட்டரி சூடாக இருக்கும். வெயில் நாளில் அது ஆறக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை சார்ஜர் ஏற்பதே இல்லை. பிறகு சார்ஜ் ஏற ஒரு மணி நேரம். பெட்ரோல் விமானம் டாங்க் நிறைத்தால் நான்கு மணி நேரம் பறக்கும். பத்தே நிமிடத்தில் மறுபடி நிறைக்கலாம்.

பெட்ரோல் எரிய எரிய விமானம் இலேசாகும். பேட்டரி காலியானாலும் அதே கனம். புறப்பட்ட எடையோடே இறங்க வேண்டும். இரண்டு பருத்த ஆட்கள் என்றால் ஒருவர் தரையில் நிற்க வேண்டியதுதான். கேப்டன் தன் வயிற்றைத் தட்டி, "அப்ப எனக்குத் துணையா ஒல்லிப்பிச்சானா அனுப்புங்க," என்றார்.

ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகும் ஆரம்பப் பாடத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் எந்த மாணவரின் தலையிலும் எதுவும் ஏறுவதில்லை. எஞ்சினைச் சூடுபண்ணக் காத்திருக்க வேண்டாம். இறக்கத்தில் காற்றே விசிறியைச் சுழற்றி, பேட்டரி ஒரு சதவீதம் கூடியது. சிறுபிள்ளைபோல் சந்தோஷப்பட்டேன்.

மதியம் ஒரு முட்டாள்தனம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த ஓடுதளத்துக்குப் போய்வரலாம் என்று தனியாகக் கிளம்பினேன். அந்தப் பாதை எனக்கு வீட்டுக் கூடம் மாதிரி. வழக்கமாக அங்கே இறங்கி, மரத்தடியில் ஒரு மணி நேரம் படித்துவிட்டுத் திரும்புவேன். எதிர்க்காற்று. பாதி வழியில் பார்த்தால் ஐம்பத்தெட்டு சதவீதம். அங்கே சார்ஜரும் கிடையாது. திரும்பிவிட்டேன். பெட்ரோல் புத்தியோடு மின்விமானம் ஓட்டினால் இப்படித்தான். தொலைதூரப் பயணத்துக்கு இது ஆகாது என்று எழுதியாயிற்று.

பிப்ரவரி 20, வெள்ளி

பல் டாக்டருக்குப் பாடம். வாரம் ஒருமுறை பறக்க வருபவர், நல்ல மாணவர். "ஒரு விசில் கேக்குதா?" என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இல்லியே. ஆனா என்னை நம்பாதீங்க. இருபது வருஷமா டிரில் பிடிக்கறேன். வீட்ல கூப்பிட்டாக்கூடக் கேக்கறதில்ல."

"நிஜமாவே கேக்கறதில்லையா?"

"அது வேற விஷயம்."

கேப்டனைக் கேட்டுப் பயனில்லை. என் காதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 23, திங்கள்

படிவத்தின் கடைசிக் கட்டம் 'பிற ஒலிகள்'. எழுதினேன்: "எல்லாத் திறன் நிலைகளிலும் உயர்ந்த சுருதியில் இடைவிடாத ஒலி. மோட்டார் தாங்கியில் (பேரிங்) தேய்மானம் இருக்கலாம்." தாங்கியில் சந்தேகம் என்றால் விமானம் பறக்கக் கூடாது. நிறுத்தியாயிற்று.

மார்ச் 2, திங்கள்

கம்பெனியிலிருந்து ஒரு தொழில்நுட்ப ஆள் வந்தார். மூன்று நாள். மோட்டாரை இறக்கித் தாங்கிகளைப் பிரித்துப் பார்த்துப் புதிது போட்டார். சத்தம் அளக்கும் கருவியில் எதுவும் விழவில்லை. மாட்டிய பிறகு என்னைக் கேட்டார். இன்னும் இருக்கிறது என்றேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. மூன்று நாள் தூங்காத முகம்.

மேடம்: "சத்தம் வேணாம்னுதானே இதை எடுக்கறோம். இது புதுசா ஒரு சத்தம் போடுதுன்னா, அடுக்குமாடி வீட்டுக்காரங்க விடுவாங்களா? திருப்பி அனுப்பிடலாம். பத்தாம் தேதி லாரி வரட்டும்."

காலைப் பாடங்களுக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 4, புதன்

கடிகாரங்களின் வரலாறு படிக்கிறேன். பழைய கடலோடிகள் கப்பல் கடிகாரத்தைத் திருத்துவதில்லையாம். அது நாளுக்கு எத்தனை நொடி பிசகுகிறது என்று எழுதிவைத்து, கணக்கில் கழித்துக்கொள்வார்களாம். பிசகு இருப்பது குற்றமில்லை, தெரியாமல் இருப்பதுதான் கப்பலைக் கவிழ்க்கும்.

அக்கா சமையலறையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாளாம். "கூப்ட்டா எதுக்குடி நேர் எதிர்ப் பக்கம் திரும்பற? அங்க யாரு நிக்கறா, உன் மாமியாரா?" சிரித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

மெக்கானிக் அண்ணன் கொட்டகைக்குக் கூப்பிட்டார். வேறு யாரும் இல்லை. "ஒரு தடவை உள்ள உக்காந்து பாரும்மா." உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவை மூடினார். வெளியே நின்று விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

"இப்ப கேக்குதா, அந்த விசில்?"

"கேக்குது. குளிரூட்டற பம்ப் ஓடுதா?"

"அதே சத்தந்தானே? நல்லாக் கேளு."

"அதேதான் அண்ணே."

அவர் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் என் பக்கம் பார்க்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பேட்டரி ரெண்டையும் காலைலயே கழட்டிட்டேன்மா. அதோ, அந்த மேஜை மேல."

பார்த்தேன். இரண்டும் மேஜைமேல் இருந்தன. வயர்கள் தரையில்.

"நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல," என்றார். "திங்கக்கிழமை நீயே எழுதிக்க." 'பிற ஒலிகள்' கட்டம் காலியாக இருந்த புதுப் படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 7, சனி

என் அறை. ஜன்னல் மூடி, மின்விசிறி நிறுத்தி.

இருக்கு. இங்கயும் இருக்கு.

எப்பலேர்ந்து? பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது தெரியல. வெளியில தெருச் சத்தம், வீட்ல டிவி. எங்கயாவது அமைதியா இருந்திருக்கேனா நான்? படிக்கும்போது? படிக்கும்போது அது புத்தகத்துக்குள்ள இருக்கற அமைதின்னு நினைச்சேனோ?

வலது காதைப் பொத்தினா இன்னும் நல்லாக் கேக்குது. போனை எப்பவும் இடப்பக்கம்தான் வைக்கறேன் — அது எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. ஆறு வருஷம் திறந்து வெச்ச காது. எஞ்சினைக் கேக்கறேன் எஞ்சினைக் கேக்கறேன்னு.

மோட்டாரைப் பிரிச்ச அந்த ஆளோட மூணு நாள்.

சொல்லாம இருந்தா? லாரி வரும், விமானம் போயிடும், யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை பரிசோதனைல, கேக்கற அளவுக்குக் கேக்கும். தேறிடுவேன்னுதான் தோணுது. அப்புறம்?

மார்ச் 8, ஞாயிறு

காலையில் எழுந்து, நேற்று எழுதியதைப் படித்தேன். நடை மோசம். தகவல்கள் சரி.

அக்காவிடம் சொன்னேன். வழக்கமான கேலி ஒன்றும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

படிவம்: "23.02 அன்று குறித்த ஒலி விமானத்தினுடையது அல்ல. கேட்டவருடைய காதினுடையது. மின்சாரம் முழுவதும் துண்டித்த நிலையில் உறுதி செய்யப்பட்டது. மோட்டாரில் குறை இல்லை." கையெழுத்து.

மேடம் இரண்டு தடவை படித்தார். "இதை இப்படியேதான் எழுதணுமா? 'ஒலி நின்றுவிட்டது'ன்னு போட்டா போதாதா?"

"நிக்கலையே மேடம்."

லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மோட்டாரைப் பிரித்த தொழில்நுட்ப ஆளுக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் பெருமூச்சு. "புது மோட்டார் மேல தப்பில்லைங்கறதே போதுங்க. வீட்ல போய்த் தூங்கறேன்."

மார்ச் 11, புதன்

விமானிகளைச் சோதிக்கும் மருத்துவர். சின்னக் கண்ணாடி அறை, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். சத்தமே வராதபோதும் எனக்குக் கேட்டது என்பதுதான் சிக்கல்.

சோதனைத் தாளில் வலது காதின் கோடு நடுவில் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறுகிறது. "சட்டம் கேக்கற அளவுக்கு உள்ளதான் இருக்கு," என்றார். "லைசென்ஸ் போகாது. ஆனா போனது திரும்பாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தணும். ஆறு மாசம் பெட்ரோல் எஞ்சின் பக்கமே போகாதீங்க. அப்புறம் மறுபடி அளக்கலாம்."

"இந்தத் தாளை நாளைக்குப் பரிசோதனைல காட்டணுமா?"

"நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேனே. காட்டாம எப்படி?"

மார்ச் 12, வியாழன்

காட்டினேன். இந்த முறை எடுக்க முடியாது, அடுத்த தேர்வுக்கு மறுபரிசோதனை அறிக்கையோடு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மார்ச் 20, வெள்ளி

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பதினோரு பக்கம். சாரம் இவ்வளவுதான்: பெட்ரோல் விமானத்துக்குப் பதிலாக மின்விமானம் என்று யோசித்தால் ஏமாற்றம். தூரம், எடை, திரும்பப் புறப்படும் நேரம் மூன்றிலும் பழையதே மேல். ஆரம்பப் பாடங்களை மட்டும் இதற்கு மாற்றினால், பாதிப் பறப்பு இதில் நடக்கும். காலை நேரம் திரும்பக் கிடைக்கும். ஒன்று வாங்கலாம், பெட்ரோல் விமானம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு பத்தி: இரண்டு வகையிலும் பயிற்சியாளர் இரு காதையும் மூடியே பறக்க வேண்டும். எஞ்சினைக் கேட்பதற்குக் கருவிகள் இருக்கின்றன. இதற்கு ஆதாரமாக என் காதுச் சோதனைத் தாளை இணைத்தேன். இணைப்பு எண் நான்கு. வாழ்க்கையில் நான் வெளியிட்ட முதல் சொந்த விஷயம்.

ஏப்ரல் 8, புதன்

வாங்கிவிட்டார்கள். மெக்கானிக் அண்ணன் துடைத்து வைக்கிறார், ஆனால் பேட்டரிக் கம்பெனிக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தவர் இப்போது அவர்தான். யாரையும் பக்கத்தில் விடுவதில்லை.

பெட்ரோல் விமானம் ஓடுதள முனைக்குப் போவதை அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே கேப்டன். பாதை தெரியும், அடுத்த ஓடுதளத்துக்கு, அந்த மரத்தடிக்கு. ஹெட்செட் இரண்டு காதிலும் இருந்தது. காதுச் சோதனைக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "என்னது?" என்றிருப்பார்.

ஏப்ரல் 27, திங்கள்

காலை ஆறரை. பல் டாக்டர். அடுக்குமாடியில் ஒரு பெண் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மேலே போனபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஓடுதளம் ஒரு நொடியும் கண்ணைவிட்டு மறையாத முப்பத்தைந்து நிமிடம். ஏறி, திரும்பி, இறங்கி, மறுபடி ஏறி. ஐந்தாவது இறக்கத்தில் டாக்டர் என் உதவி இல்லாமல் தொட்டார். பேட்டரி முப்பத்தொன்று.

அவர் போன பிறகு உள்ளேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. ஹெட்செட்டைக் கழற்றினேன். அந்த விசில் வந்தது, அதே சுருதியில், தன் நேரத்துக்கு.

பிற ஒலிகள்: இல்லை.